வீட்டு ஆம்ப்புக்கு ஒரு டாக்: எது வேண்டும், எவ்வளவு போதும்

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீட்டிலாவது அசெம்பிள் ஆம்ப் இருக்கும். ஊர் மெக்கானிக் ஒருவர் தகரப் பெட்டியில் டிரான்ஸ்பார்மரை இறக்கி, ஒலியைப் பெருக்கும் 4440 ஐசியோ எஸ்டிகே ஐசியோ போட்டு, வீட்டுக்காரர் கேட்ட மாதிரி பேஸ், ட்ரெபிள் வைத்துச் செய்துகொடுத்தது. இந்த ஆம்ப்புகள் லேசில் சாகாது. கண்டென்சரை மாற்றினால் இன்னும் பத்து வருஷம் ஓடும். ஆனால் அதற்குள் பாட்டு வரும் வழி மாறிவிட்டது. கேசட் போய், சிடி போய், இப்போது போனும் ஸ்மார்ட் டிவியும் லேப்டாப்பும்தான். புதுப் போன்கள் பலவற்றில் இயர்போன் ஓட்டை இல்லை. புது டிவிகள் பலவற்றின் முதுகில் சிவப்பு, வெள்ளை ஆடியோ ஓட்டைகள் இல்லை. ஆம்ப்புகள் பலவும் அந்த ரெண்டு ஓட்டைகளைத் தவிர வேறெதையும் அறியாது.

இங்கேதான் டாக் (டிஜிட்டல்-டு-அனலாக் கன்வெர்ட்டர்) என்ற பேச்சு வருகிறது. தேடிப் பார்த்தால் ஐந்நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, லட்சக்கணக்கிலும் இருக்கிறது. முதல்முறை வாங்குகிறவருக்குத் தலை சுற்றும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாதாரண வீட்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு மேல் டாக்குக்குச் செலவழிக்க வேண்டிய தேவை அரிது. எந்த வகை டாக் என்பதும், அதை எப்படி இணைக்கிறோம் என்பதும்தான் முக்கியம்.

டாக் செய்யும் வேலை ஒன்றுதான். போனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். சிடி தரத்தில் ஒரு நொடிக்கு, ஒரு பக்க ஸ்பீக்கருக்கு மட்டும், 44,100 எண்கள். ஒவ்வொரு எண்ணும் அந்தக் கணத்தில் ஒலியலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று சொல்கிறது. அந்த உயரத்தை 16 பிட்டில் எழுதினால் 65,536 அளவுகளில் ஏதாவது ஒன்றாக இருக்கும். ஸ்பீக்கருக்கு எண் புரியாது. அதன் கோன் முன்னும் பின்னும் அசைய, ஏறி இறங்கும் மின்னழுத்தம் வேண்டும். எண்ணை வாங்கி மின்னழுத்தமாகக் கொடுப்பது டாக்.

"நடுவில் விட்டுப்போன இடமெல்லாம் என்ன ஆகும்? ஒலி படிக்கட்டு மாதிரி உடைந்துதானே வரும்?" என்று பலர் கேட்கிறார்கள். படிக்கட்டுப் படம் போட்டு விற்கும் விளம்பரங்கள்தான் இந்தச் சந்தேகத்துக்குக் காரணம். உண்மையில் அப்படி இல்லை. புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வைத்த புள்ளிகளைப் பார்த்ததும் கோடு எங்கே வளையும் என்பது பழகிய கைக்குத் தெரியும். டாக்கில் இதைவிடக் கறாரான கணக்கு இருக்கிறது. பதிவு செய்யும்போது 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் உள்ளே வராமல் தடுத்துவிடுகிறார்கள். அப்படித் தடுத்துவிட்டால், அந்த 44,100 புள்ளிகளின் வழியாகப் போகக்கூடிய வளைகோடு ஒன்றே ஒன்றுதான். டாக்கின் உள்ளே இருக்கும் ஃபில்டர் அந்தக் கோட்டைத்தான் வரைகிறது. வெளியே வருவது வழுவழுப்பான அலை, படிக்கட்டு அல்ல. மனிதக் காது இளம் வயதில் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற அது குறைந்துகொண்டே வரும். ஆக, சிடி தரத்தில் காதுக்கு எட்டும் எதுவும் விட்டுப்போவதில்லை.

இந்த வேலை ஒருகாலத்தில் சிரமமாகத்தான் இருந்தது. 1982 அக்டோபரில் சோனி தன் முதல் சிடி பிளேயரான சிடிபி-101ஐ ஜப்பானில் வெளியிட்டபோது, இடது வலது இரண்டுக்கும் சேர்த்து உள்ளே ஒரே டாக்தான். அது மாறி மாறி இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்தது. பிலிப்ஸின் முதல் பிளேயர்களில் 16 பிட் டாக்கே இல்லை. 14 பிட் சிப்பை நாலு மடங்கு வேகத்தில் ஓட்டிச் சமாளித்தார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்று போன் ஹெட்போன் வயருக்குள் அடங்கும் ஒரு சின்னச் சிப், அன்றைய பிளேயர்களைவிடச் சுத்தமாக இந்த வேலையைச் செய்கிறது. தீர்ந்துபோன கணக்கு என்றே சொல்வேன். அதனால்தான் மலிவானதே போதும் என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

அட்டைப் பெட்டியில் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்றெல்லாம் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். 16 பிட்டே சுமார் 96 டெசிபல் இடைவெளி தருகிறது. அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே உள்ள தூரம். இப்போது நம் ஊர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஃபேன் போடாமல் யார் பாட்டுக் கேட்கப்போகிறார்கள்? முழு வேகத்தில் ஃபேன் சுற்றும் அறையில் இரைச்சலே 50 டெசிபல் அளவுக்கு இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வைத்தாலும் பாட்டின் உச்சம் 90, 95 டெசிபலைச் சுற்றித்தான். நமக்குக் கிடைக்கும் இடைவெளி நாற்பது, நாற்பத்தைந்து. 96ஐயே முழுசாகப் பயன்படுத்த வழியில்லாத அறையில் 32 பிட்டை வைத்து என்ன செய்வது?

சிப்பின் பெயரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சண்டைகளும் இதே ரகம்தான். இஎஸ்எஸ், ஏகேஎம் இரண்டும் டாக் சிப் செய்யும் கம்பெனிகள். இஎஸ்எஸ் சிப் கூர்மையாக இருக்கும், ஏகேஎம் சிப் மெத்தென்று இருக்கும் என்பார்கள். 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏகேஎம் தொழிற்சாலையில் பெரிய தீ விபத்து நடந்து, அந்தச் சிப்புக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. பல கம்பெனிகள் வேறு சிப்புக்கு மாறின. ஒழுங்காகக் கட்டிய டாக், எந்தச் சிப் இருந்தாலும், அளந்து பார்த்தால் சுத்தமாகவே இருந்தது. சிப் மட்டும் டாக் ஆகாது. அதைச் சுற்றியுள்ள பவர் சப்ளையும், வெளியே அனுப்பும் சர்க்யூட்டும் சேர்ந்ததுதான் டாக்.

சரி, உங்களுக்கு டாக் வேண்டுமா?

முதலில், வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். லேப்டாப்பில் ஹெட்போன் ஓட்டை இருந்தால் உள்ளே டாக் இருக்கிறது. ப்ளூடூத் ஸ்பீக்கரில் இருக்கிறது. ப்ளூடூத் இயர்பட்ஸில் ஒவ்வொரு காதுக்கும் ஒன்று இருக்கிறது. சவுண்ட்பாரில் இருக்கிறது. சில அசெம்பிள் ஆம்ப்புகளின் முகப்பில், பென்டிரைவ் சொருகிப் பாட்டுப் போட, நீல எண்கள் ஓடும் யுஎஸ்பி போர்டு இருக்கும், அதிலும் இருக்கிறது. ப்ளூடூத் ஸ்பீக்கரோ சவுண்ட்பாரோ மட்டும் வைத்திருக்கிறவர்கள் தனி டாக் வாங்கத் தேவையே இல்லை. எண்கள் நேரே அதற்குள் போய், அங்கே இருக்கும் டாக்கில்தான் மாறப்போகின்றன.

தனி டாக் உதவுவது இப்படிப்பட்டவர்களுக்கு: போனில் ஓட்டை இல்லாதவர், டிவியில் ஆப்டிகல் (ஒலியை வெளிச்சமாக அனுப்பும் ஓட்டை) மட்டும் இருந்து, ஆம்ப் பழசாக இருப்பவர், லேப்டாப்பின் ஓட்டையில் இரைச்சல் கேட்கிறவர், அப்புறம் அந்த முகப்பு போர்டில் பாட்டுக் கேட்கிறவர். அந்த போர்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விலை முந்நூறு, நானூறுதான். எம்பி3 வாசிப்பது, எஃப்எம், ப்ளூடூத், எல்இடி எல்லாம் ஒரே சிப்பில். ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மரிலிருந்தே ஒரு ஓரத்தில் அதற்கும் கரண்ட் எடுத்திருப்பார்கள். பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமைக் கூட்டிப் பாருங்கள். எல்இடி மாறும்போதெல்லாம் மெல்லிய 'டிக் டிக்' சத்தமோ 'உய்ய்' என்ற விசிலோ ஸ்பீக்கரில் கேட்டால், டாக் போட்டு உண்மையாகவே வித்தியாசம் உணரப்போகிறவர் நீங்கள்தான். அந்த போர்டைக் கழற்றி எறிய வேண்டாம். பின்பக்கம் ஆக்ஸ் இன்புட்டில் (வெளியிலிருந்து பாட்டு வாங்கும் ஓட்டை) டாக்கைச் சொருகி, செலக்டரை மாற்றிக்கொண்டால் போதும்.

போனுக்கு

போனுக்கு மலிவான வழி விரல் நீளத்துக்கு ஒரு வயர்: ஒரு முனையில் டைப்-சி, மறு முனையில் 3.5 மி.மீ. ஓட்டை. டாங்கிள் என்பார்கள். ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கும் ஆப்பிளின் டைப்-சி டாங்கிள் பலர் அளந்து பார்த்து மெச்சிய ஒன்று. ஆனால் ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் அதில் சத்தம் குறைவாகவே வரும். ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் ஃபியோ மாதிரி ஆடியோவுக்கென்றே இருக்கும் கம்பெனிகளின் டாங்கிள்களைப் பார்ப்பது நல்லது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு கடைகளில் நூறு ரூபாய்க்குத் தொங்கும் டைப்-சி டாங்கிள்கள் பலவற்றில் டாக்கே கிடையாது. உள்ளே வெறும் வயர்தான். அனலாக் ஒலியை டைப்-சி வழியே நேராக வெளியே அனுப்பும் சில போன்களில் மட்டும் அவை வேலை செய்யும். மற்ற போன்களில் சொருகினால் ஒன்றும் நடக்காது, சில நேரம் 'சப்போர்ட் இல்லை' என்று செய்தி வரும். கடைக்காரரிடம் "அண்ணே, உள்ள டாக் சிப் இருக்கா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் உங்கள் போனில் சொருகிப் பாட்டு வந்தபிறகு காசு கொடுங்கள். சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜி (போனில் வெளிச் சாதனங்களைச் சொருகும் வசதி) என்பதை ஆன் செய்தால்தான் டாக்கையே கண்டுகொள்ளும், அதையும் பார்த்துவிடுங்கள்.

டாங்கிளிலிருந்து ஆம்ப்புக்கு, ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறு முனையில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களும் உள்ள வயர் வேண்டும். ஒன்றரை மீட்டர் போதும். தங்க முலாம், ஆக்ஸிஜன் இல்லாத செம்பு என்று விலை ஏற்றுவதை விட்டுவிடுங்கள். பின் கெட்டியாக உட்கார்ந்தால் அது நல்ல வயர்.

டிவிக்கு

டிவியின் பின்னால் சதுரமாக, சின்னக் கதவு போட்ட மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். டிவி ஆனில் இருக்கும்போது கதவை லேசாகத் தள்ளினால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். அதுதான் ஆப்டிகல். 1983இல் டோஷிபா கொண்டுவந்த முறை. இதற்கு ஆப்டிகல் இன்புட் உள்ள சின்னப் பெட்டி டாக் வேண்டும். பெயர் தெரியாத பெட்டிகள் ஐந்நூறு ரூபாய் வாக்கில் கிடைக்கின்றன. கொஞ்சம் கூடப் போட்டால் பெயருள்ள கம்பெனிப் பெட்டி. முடிந்தால் இரண்டாவது வகையை வாங்குங்கள். சிப்பு பெரிதாக வேறுபடாது. ஆனால் மலிவுப் பெட்டியோடு வரும் அடாப்டரும் ஓட்டைகளின் பிடிமானமும் சீக்கிரம் கைவிடுகின்றன.

ஆப்டிகல் வயரின் இரண்டு முனைகளிலும் நிறமில்லாத சின்ன பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கும். அதைக் கழற்றாமல் சொருகிவிட்டு 'பாக்ஸ் டெட்' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. கழற்றிவிட்டு, சதுரத்தின் பக்கம் பார்த்து, 'கிளிக்' என்று கேட்கும் வரை அழுத்துங்கள். வயரை மடக்கி ஒடிக்காதீர்கள், உள்ளே போவது வெளிச்சம்.

அப்புறம் டிவியின் சவுண்டு செட்டிங்ஸுக்குப் போய் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். இது மிக முக்கியம். டிவி 'ஆட்டோ'விலோ 'டால்பி'யிலோ இருந்தால், சில படங்களுக்கு டால்பியில் சுருக்கிய எண்களை அப்படியே அனுப்பும். மலிவு டாக்குக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது. செய்தி சேனலில் சத்தம் வரும், படம் போட்டால் மௌனமாகிவிடும், அல்லது 'கர்ர்' என்று கத்தும். பிசிஎம் வைத்தால் டிவியே பிரித்து இரண்டு சேனலாகக் கொடுத்துவிடும்.

பெரும்பாலான டிவிகளில் ஆப்டிகல் வழியே போகும் சத்தத்தை டிவி ரிமோட்டால் கூட்டிக் குறைக்க முடியாது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் எழுந்துபோய் ஆம்ப்பைத் திருக வேண்டியிருக்கும். வீட்டில் பெரியவர்கள் டிவி பார்க்கிறார்கள் என்றால் இதை முன்கூட்டியே யோசியுங்கள். ரிமோட்டோடு வரும் டாக்கை வாங்குவது அவர்களுக்குச் செய்யும் உதவி. டிவியில் ஆப்டிகல் இல்லாமல் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ வயர் வழியே வெளியே அனுப்பும் ஓட்டை) மட்டும் இருந்தால், ஏஆர்சி என்று வெளிப்படையாக எழுதிய பெட்டியைத்தான் வாங்க வேண்டும்.

லேப்டாப்பும் அந்தக் கொர்ர் சத்தமும்

குடியாத்தத்தில் என் சித்தப்பா தன் வீட்டில் லேப்டாப்பை அசெம்பிள் ஆம்ப்போடு இணைத்திருந்தார். பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் ஒரு முனகல். மவுஸை நகர்த்தினால் அதோடு சேர்ந்து கிச்சுக்கிச்சென்று இன்னொன்று.

"இன்னாடா இது, பாட்டு நின்னாலும் கொர்ர்ருனு கத்தினே கீது? நல்ல டாக்கா ஒண்ணு பாத்து வாங்கிக் குடேன்."

"இருங்க சித்தப்பா, மொதல்ல சார்ஜர கழட்டிப் பாக்கலாம்."

சார்ஜரைப் பிடுங்கியதும் அறை அமைதியாகிவிட்டது. மறுபடி சொருகினால் மறுபடி கொர்ர்.

இதற்குக் காரணம் டாக் இல்லை. லேப்டாப் சார்ஜருக்கு எர்த் உண்டு, ஆம்ப்புக்கும் எர்த் உண்டு. இரண்டும் வேறு வேறு பிளக்கில், வேறு வேறு தூரத்தில் எர்த்தைத் தொடுகின்றன. நடுவில் ஆடியோ வயரின் வெளிச் சுற்று அவற்றை இணைத்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சின்னக் கரண்ட்தான் 50 ஹெர்ட்ஸ் முனகலாகவும், லேப்டாப்புக்குள் நடக்கும் வேலைகளின் இரைச்சலாகவும் ஸ்பீக்கரில் வருகிறது. யுஎஸ்பி டாக் வாங்கியிருந்தாலும் யுஎஸ்பி வயர் வழியாக அதே வளையம் மறுபடி உருவாகியிருக்கும். பத்தாயிரம் ரூபாய் டாக்கும் இதில் உதவாது.

இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினோம், பாதி குறைந்தது. மீதிக்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன உருளையை ஆடியோ வயரின் நடுவே போட்டோம். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள், விலை சில நூறு ரூபாய். முனகல் போய்விட்டது. மலிவு ஐசொலேட்டர் ஆழமான பேஸைக் கொஞ்சம் மெலிதாக்கும், அது உண்மை. பேஸ் பெரிதாக வேண்டும் என்பவர்கள் ஆப்டிகல் வழியைப் பார்க்கலாம். ஆப்டிகலில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்தான் போகிறது, உலோகத் தொடர்பு இல்லாததால் வளையமே உருவாகாது.

ஒரு விஷயத்தைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். முனகல் போகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடாதீர்கள், எர்த் வயரை வெட்டிவிடாதீர்கள். நம் ஆம்ப்புகள் தகரப் பெட்டிகள். உள்ளே ஒரு வயர் நழுவிப் பெட்டியில் பட்டால் உயிரைக் காப்பது அந்த எர்த் ஒன்றுதான்.

டாக் வாங்கும் முன் இன்னொரு சோதனை. ஆம்ப்பின் பின்னால் உள்ள இன்புட் வயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு வால்யூமை மெதுவாகக் கூட்டுங்கள். அப்போதும் முனகினால் கோளாறு ஆம்ப்பில். மெக்கானிக்கிடம் காட்டி ஃபில்டர் கண்டென்சரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

லேப்டாப்புக்கு யுஎஸ்பி டாக் வாங்கினால் பெரும்பாலும் டிரைவர் தேவைப்படாது. வேகமான யுஎஸ்பி டாக்குகளுக்கான டிரைவரை 2017இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்தே உள்ளே வைத்திருக்கிறார்கள். சவுண்டு செட்டிங்ஸில் புது டாக்கைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்தது.

வால்யூம், பாட்டின் தரம், மிச்சக் காசு

டாக்கோடு ஆம்ப்பை இணைத்ததும் போன், லேப்டாப் வால்யூமை முழுசாகவோ முழுசுக்குக் கொஞ்சம் கீழேயோ வைத்துவிட்டு, ஆம்ப்பில் கூட்டிக் குறையுங்கள். போனில் பாதியும் ஆம்ப்பில் முழுசும் வைத்தால் ஆம்ப்பின் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். பெட்டி டாக்குகள் வழக்கமாக 2 வோல்ட் வரை வெளியே தரும், டாங்கிள்கள் அதில் பாதி அல்லது அதற்கும் குறைவு. அதனால் பெட்டி டாக்கில் சத்தம் கூடுதலாகக் கேட்கும். சத்தம் கூடினால் காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு டாக்கை ஒப்பிட நினைத்தால் இரண்டின் சத்தத்தையும் சரிசமமாக்கிவிட்டு, வீட்டில் ஒருவரை மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் கேளுங்கள். ரொம்ப நேர்மையான சோதனை அது. ஆம்ப்பில் போனோ என்று எழுதிய ஓட்டை இருந்தால் அது ரெக்கார்டு பிளேயருக்கானது, மைக் ஓட்டை மைக்குக்கானது. டாக் ஆக்ஸிலோ டிவிடி, சிடி என்று எழுதியதிலோ மட்டும்தான் போக வேண்டும்.

128 கேபிபிஎஸ் எம்பி3யாகப் பென்டிரைவில் ஏற்றிய பாட்டில் இழந்துபோனதை எந்த டாக்கும் திருப்பித் தராது. தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்து யாரோ யூடியூபில் ஏற்றிய எண்பதுகளின் பாட்டும் அப்படித்தான். அதே பாட்டின் நல்ல பதிவைத் தேடிக் கேட்டால் வரும் வித்தியாசம், டாக்கை மாற்றுவதால் வரும் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரிது. ஆப்பிள் மியூசிக் 2021 முதல், சுருக்கினாலும் எதையும் இழக்காத தரத்தைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் தருகிறது. அதைக் கேட்க ஒரு டாங்கிள் தாராளம்.

கையில் பத்தாயிரம் இருந்தால் இரண்டாயிரத்தை டாக்கில் போட்டு மீதியை ஸ்பீக்கரில் போடுங்கள். நல்ல டாக்குகள் இரண்டுக்கு நடுவே உள்ள வேறுபாடு காதுக்கு எட்டாத அளவு. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே உள்ள வேறுபாட்டைச் சமையலறையில் இருப்பவர்கூடச் சொல்லிவிடுவார்.

நம் வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் சில வார்த்தை. டாக்கை ஆம்ப்பின் தலைமேல் வைக்காதீர்கள், ஹீட் சிங்க்கின் சூடு நேரே ஏறும். பேட்டரியுள்ள ப்ளூடூத் டாக்கை மதியத்தில் காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆன் செய்யும்போது முதலில் டாக், பிறகு ஆம்ப். அணைக்கும்போது முதலில் ஆம்ப். கரண்ட் போனால் ஆம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள், வரும்போது எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெற்று ஸ்பீக்கரில் 'டொப்' என்று விழுவதைத் தவிர்க்கலாம்.

வாங்குவதற்கு, காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். ஆன்லைனில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் வசதி எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்த அன்றே ஆப்டிகல், யுஎஸ்பி என்று அதிலுள்ள எல்லா ஓட்டைகளிலும் பாட்டுப் போட்டுப் பாருங்கள். இடது பக்கப் பாட்டு இடது ஸ்பீக்கரில்தான் வருகிறதா, பாட்டு ஓடாதபோது அமைதியாக இருக்கிறதா, மூன்று மணி நேரம் ஓடியபிறகு விட்டு விட்டு வருகிறதா என்று கவனித்துவிட்டு, அட்டைப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் தேதி முடியும்வரை பரண்மேல் பத்திரமாக வைத்திருங்கள்.